ஷோர் டைவிங்குக்கு என்ன பூட்ஸ்? நாலு ஜோடி வாங்கி, ஒரு முழங்கால கிழிச்சுக்கிட்டு கத்துக்கிட்டது

மொதல்லயே சொல்லிடறேன், இது காத்து டேங்க் மாட்டிக்கிட்டு கரையிலேர்ந்து கடலுக்குள்ள முங்கறவங்க போடற டைவிங் பூட்ஸோட ரிவ்யூதான், ஆனா தண்ணிக்குள்ள அது எப்படி இருக்குன்னு கொஞ்சமாத்தான் சொல்லப்போறேன். தண்ணிக்குள்ள போயிட்டா எல்லா பூட்ஸும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஃபின்ஸுக்குள்ள, அதாவது கால்ல மாட்டற நீச்சல் துடுப்புக்குள்ள, நொழைஞ்சுக்கிட்டு பேசாம கெடக்கும். காரை விட்டு எறங்கி தண்ணி வரைக்கும் போறதுக்கும், டைவ் முடிச்சு கால் தள்ளாட அதே வழில திரும்பி ஏறி வரதுக்கும்தான் நாம காசு குடுக்கறோம். இது மண்டைல ஏற எனக்கு நாலு தடவ செலவாச்சு. வீட்ல சொன்ன கணக்கு ரெண்டு தடவதான், அத இங்க யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.

எனக்கு ஊர் தூத்துக்குடி. கேட்டா எல்லாரும் "அப்ப முத்துக்குளிக்கற பரம்பரையா"ம்பாங்க, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது, எங்கப்பா பேங்க் கிளார்க்கு. சங்கு குளிக்கப் போறவங்க காலுக்கு கட்டற அலுமினியத் தட்ட கைல தூக்கிக்கிட்டு படகுக்கு நடந்து போறத சின்ன வயசுல பாத்ததோட சரி. அந்தத் தட்டுதான் அவங்களுக்கு ஃபின்ஸு. நான் கடல்ல இடுப்பளவுக்கு மேல எறங்கினதே சிட்னி வந்தப்புறம்தான், அதுவும் ஆபீஸ்ல ஒருத்தன் வம்பா கூட்டிட்டுப் போயி. ஊர் அண்ணாச்சிமாருகிட்ட இத சொன்னா சிரிப்பாணி அள்ளும்.

சிட்னில டைவிங்னா பாதிக்கு மேல கரையிலேர்ந்துதான் அடிப்போம். படகுக்கு குடுக்கற காசுல நாலு வாரம் டேங்க் நிரப்பிக்கலாம், அப்புறம் யாரு படகுல போவா. லா பெரூஸ் பக்கத்துல பேர் ஐலண்ட் இருக்கு, 1770ல கேப்டன் குக் "சின்ன மொட்டைத் தீவு"ன்னு எழுதி வெச்சதே பேராயிடுச்சு, மேல 1880கள்ல கட்டின ஒரு பழைய கோட்டை, போறதுக்கு ஒரு மரப்பாலம். பாலத்த தாண்டினா எங்க பாத்தாலும் பாறை. கிளோவெல்லி பக்கத்துல கோர்டன்ஸ் பே, அங்க தண்ணிக்கடியில சங்கிலி போட்டு சுமார் 600 மீட்டருக்கு ஒரு பாதையே இருக்கு, ஆனா கார் நிறுத்தற எடத்துலேர்ந்து கீழ எறங்கி, முடிஞ்சதும் அதே ஏத்தத்த ஏறணும். கர்னெல்ல ஒரு எடத்துக்கு பேரே "த ஸ்டெப்ஸ்", அதுலயே புரிஞ்சுக்கோங்க. மேன்லி பக்கம் ஷெல்லி பீச் மட்டும் மணல், நம்ம வீட்டு வாசல் மாதிரி நடந்து போயி எறங்கிக்கலாம். இதுல நம்ம முதுகுல டேங்க் ஒரு 15 கிலோ, மெதக்காம இருக்க இடுப்புல ஈயக்கட்டி 8 கிலோ, மூச்சு விடற ரெகுலேட்டர், காத்தடைக்கற ஜாக்கெட், நனைஞ்ச வெட்சூட் (குளிருக்கு ஒடம்போட ஒட்டிப் போடற ரப்பர் சூட்) எல்லாம் சேத்து 30 கிலோவ தாண்டிரும். ஒரு மூட்டை அரிசிய தூக்கிக்கிட்டு பாசி புடிச்ச பாறைல எறங்கறோம்னு வெச்சுக்கோங்க. இப்ப உங்க கால்ல என்ன இருக்கணும்?

என் கால்ல மொத மூணு மாசம் ஒண்ணுமே இல்ல. கோர்ஸ் முடிச்ச ஜோர்ல முழுக்கால் ஃபின்ஸ் வாங்கிட்டேன், அதாவது ஷூ மாதிரி குதிகால் வரைக்கும் மூடின டைப்பு, வெறுங்கால்ல போடறது. லேசா இருக்கும், வெல கம்மி, உதைச்சா அம்சமா போகும். ஷெல்லி பீச்ல மட்டும் போயிட்டிருந்த வரைக்கும் நானே ராஜா. மணல்ல நடந்து, இடுப்பளவு தண்ணில நின்னு ஃபின்ஸ மாட்டி, முடிஞ்சது. மணல் எடத்துல மட்டும் டைவ் பண்ணுவேன், தண்ணியும் சூடா இருக்கும்னா நீங்க இதோட நிறுத்திக்கலாம், மேற்கொண்டு படிக்கவே வேணாம். ஒரு மெல்லிசு நியோபிரீன் சாக்ஸ் (வெட்சூட் தைக்கற அதே நுரை ரப்பர்) மட்டும் உள்ள போட்டுக்கோங்க, இல்லன்னா நாலாவது டைவ்ல குதிகால்ல கொப்பளம் வந்துரும்.

அப்புறம் பேர் ஐலண்ட் போகலாம்னு முடிவாச்சு. வெறுங்கால்ல பாறைல நடக்க முடியாதுன்னு அந்தளவுக்கு அறிவு இருந்துச்சு, அதனால ஒரு பெரிய டிஸ்கவுண்ட் கடைல 15 டாலருக்கு அக்வா ஷூ வாங்கினேன். பாத்திருப்பீங்க, மேல வலை மாதிரி துணி, கீழ பலாப்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா ஒரு ரப்பர், பசங்க நீச்சல் குளத்துல போடறது. பாலத்து முனைல என்கூட டைவ் பண்ற, சிட்னில வென்ட்வொர்த்வில் ஏரியாவுல இருக்கற அண்ணை நின்னுட்டிருந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, இந்தக் கடல்ல 20 வருஷமா எறங்கறவரு. என் கால மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன தம்பி, உந்தச் சப்பாத்தோடயோ இறங்கப் போறீர்?"னாரு. நான் ஸ்டைலா "பரவால்லண்ணே, கிரிப் நல்லா இருக்கு"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, தன்னோட டேங்க் வாரை இறுக்கிட்டு முன்னாடி போயிட்டாரு. இப்ப யோசிச்சா, விழப்போறான், விழுந்து கத்துக்கட்டும்னு விட்டுட்டாருன்னு தோணுது.

மேல இருக்கற மணல்கல் பாறை காஞ்சு சொரசொரப்பா இருந்துச்சு, பிரச்சனை இல்ல. அலை வந்து தொட்டுட்டுப் போற எடத்துல கறுப்பா ஒரு படலம், பாக்க வெறும் ஈரம் மாதிரிதான் இருக்கும், அதுல கால வெச்சேன். மொத கால் நின்னுச்சு, ரெண்டாவது கால வெக்கறதுக்குள்ள மொத கால் எங்கயோ போயிடுச்சு. பொத்துனு உக்காந்தேன், 30 கிலோவோட. வலது முழங்கால் ஒரு கொட்டலசு கூட்டத்து மேல, அதான் பாறைல கூர்கூரா ஒட்டிக் கெடக்கற ஓடுங்க மேல, தேச்சு எறங்குச்சு, வெட்சூட்டையும் சேத்து கிழிச்சு. பக்கத்துல குஞ்சிவாய்னு ஒண்ணு பாறைல கொத்து கொத்தா ஒட்டிட்டிருக்கும், பழுப்பா தோல் பை மாதிரி, அழுத்தினா தண்ணிய பீச்சி அடிக்கும். நான் கைய ஊனின எடத்துல அதுல ஒண்ணு நேரா என் மூஞ்சில பீச்சுச்சு. அவமானம்னா அவமானம்.

சரி விழுந்தது விழுந்தாச்சுன்னு எறங்கிட்டேன், டைவ் பிரமாதமாவும் இருந்துச்சு, மொத தடவையா ஒரு வீடி சீட்ராகன் பாத்தேன், எல தழை ஒட்டின கடல்குதிரை மாதிரி இருக்கும். வெளிய வரும்போதுதான் ரெண்டாவது பாடம். மொழங்காலளவு தண்ணில நிக்க எடம் தேடி கால ஊனினேன், சுருக்குனு ஏறிச்சு. கடல் முள்ளெலி. சிட்னி பாறைல நீட்டு முள்ளோட கறுத்த ஊதா நிறத்துல பொந்து பொந்தா உக்காந்திருக்கும், அக்வா ஷூ சோலு அதுக்கு அப்பளம் மாதிரி. வீட்டுக்கு வந்து பாத்தா உள்ளங்கால்ல அஞ்சு ஊதாப்புள்ளி, யாரோ மைப்பேனாவால வெச்ச மாதிரி. முள்ளு உள்ளயே ஒடைஞ்சிருச்சு. ஊசிய வெச்சு நோண்டினா இன்னும் பொடிப்பொடியா ஒடையும், அத பண்ணாதீங்க. வெளிய நீட்டிட்டிருக்கறத மட்டும் மெதுவா எடுத்துட்டு, பொறுக்கற அளவு சுடுதண்ணில கால வெச்சு உக்காரணும், மூட்டுகிட்ட குத்தியிருந்தாலோ வீங்கினாலோ டாக்டர்கிட்ட ஓடணும். எனக்கு மூணு வாரத்துல சரியாச்சு, நாலு புள்ளி கரைஞ்சிருச்சு, ஒண்ணு தானா வெளிய வந்துச்சு.

அக்வா ஷூவுக்கு என் மார்க்கு 5க்கு 1. அந்த ஒண்ணும் கார்லேர்ந்து டாய்லெட் போக வர ஒதவுச்சுன்னு.

அடுத்து நம்ம ஆளுங்க எல்லாரும் பண்ற தப்ப பண்ணேன். அடிபட்டா அடுத்து பெருசா வாங்குவோம்ல, அதேதான். ஆன்லைன்ல 7 மில்லிமீட்டர் பூட்ஸ், இருக்கறதுலயே தடி, 120 டாலர். பிராண்டு பேர் சொல்லல, தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது. ஊர்ல நமக்கு எல்லாமே யூகே சைஸ்தான, எனக்கு 8. இந்த பூட்ஸ் யூஎஸ் சைஸ், யூகே 8ன்னா அதுல 9 வரும். நான் 8ஐயே தட்டிட்டேன். வந்தத போட்டுப் பாத்தா உள்ள விரலெல்லாம் மாநாடு போட்ட மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. நியோபிரீன்தான, தண்ணில நனைஞ்சா விட்டுக்குடுக்கும்னு நெனச்சு பாக்கெட்ட கிழிச்சுப் போட்டுட்டேன். அது விட்டுக்குடுக்கல. பத்தாவது நிமிஷம் பாதத்து வளைவுல ஒரு கிராம்ப், தசை இழுத்துப் புடிச்சிருச்சு, 14 மீட்டர் ஆழத்துல ஒரு கால நீட்டிக்கிட்டு மறு கால உதறிக்கிட்டு நான் போட்ட ஆட்டத்த அண்ணை இன்னமும் நடிச்சுக் காட்டுவாரு. சரின்னு மறுபடி அதே மாடல்ல 9 வாங்கினேன். ஆமா, இதுதான் வீட்டுக்குத் தெரியாத கணக்கு.

9 காலுக்கு சரியா இருந்துச்சு, ஃபின்ஸுக்குள்ள போகல. அதுக்குள்ள குதிகால் தெறந்த ஃபின்ஸ், அதாவது பூட்ஸ் மேல போட்டு பின்னாடி வாரால இறுக்கற டைப்பு, ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தேன், பூட்ஸோட மூக்கு அதுல பாதியிலயே நின்னுடும். பாதி நொழைஞ்ச ஃபின்ஸ எவ்வளவு ஒதைச்சாலும் அது தனியா ஆடும், நாம தனியா ஆடுவோம். இன்னொண்ணு, 7 எம்எம்னா கால் ரெண்டும் மெதக்கப் பாக்கும், தல கீழ, கால் மேலன்னு ஒரு வௌவால் நீச்சல் அடிக்க வேண்டி வந்துச்சு. தண்ணி 15, 16 டிகிரிக்கு எறங்கற ஆகஸ்ட் செப்டம்பர்ல (இங்க அதுதான் குளிர்) ஒரு மணி நேரம் முழுசா உள்ள கெடக்கறவங்களுக்கு அது சரி. எனக்கு 45 நிமிஷத்துல டீ ஞாபகம் வந்துரும்.

ஆனா உண்மையான ஏமாத்தம் அதோட சோலு. 7 எம்எம் 7 எம்எம்னு பெட்டில போட்டிருக்கறது மேல காலை சுத்தி இருக்கற நியோபிரீனோட தடிப்பு, சோலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது எனக்கு யாருமே சொல்லல. மேல கம்பளி மாதிரி கனம், கீழ ஹவாய் செருப்பு மாதிரி வளையற சோலு. 3 எம்எம் பூட்ஸ்ல பாறை ஏறற மாதிரி கெட்டி சோலும் வரும், 7 எம்எம்ல மெத்து மெத்துனு சோலும் வரும். வெப்பத்துக்கு ஒரு நம்பர், பாறைக்கு இன்னொரு கணக்கு, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்.

அதனால கடைசியா ஒழுங்கா ஒரு டைவ் கடைக்கே நேர்ல போனேன், ஒரு சனிக்கெழம மதியம், ஃபின்ஸையும் பைல எடுத்துக்கிட்டு. அண்ணையும் வந்தாரு. அவரு பூட்ஸ் பாக்கற விதமே தனி, நம்ம அம்மா கத்திரிக்கா பொறுக்கற மாதிரி. மொதல்ல சோலை குதிகாலும் விரலும் ஒட்ற மாதிரி மடக்குவாரு. சப்பாத்தி மாதிரி மடிஞ்சா திரும்ப ஷெல்ஃப்லயே வெச்சுருவாரு. அப்புறம் ஒரு கைய உள்ள விட்டு, வெளியேர்ந்து கட்டவெரலால சோலை அழுத்துவாரு, உள்ள இருக்கற கைல அந்த அழுத்தம் தெரிஞ்சா சிப்பியும் அப்படித்தான் தெரியும்னு கணக்கு. மூணாவதா குதிகாலையும் நுனியையும் புடிச்சு துணி பிழியற மாதிரி முறுக்குவாரு, கொஞ்சம் முறுக்கிக்கணும் ஆனா சுருண்டுக்கக் கூடாது. கடைக்காரப் பொண்ணு பேசாம பாத்துட்டே இருந்தா, கடைசில அவளே உள்ள போயி ஒரு ஜோடிய எடுத்துட்டு வந்து, மூணும் பண்ணிப் பாருங்கன்னு நீட்டினா.

அதுதான் இப்ப ரெண்டு வருஷமா என் கால்ல இருக்கு. 5 எம்எம், கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை ஒசரம், பக்கவாட்டுல ஜிப்பு, 95 டாலர். பேர் கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, இந்தக் கம்பெனிங்க பேர மாத்தாம சோலை மாத்திருவாங்க, நான் சொல்ற மாடல நீங்க வாங்கும்போது அது வேறயா இருக்கும். கட்டவெரல் சோதனைதான் பேரு.

கடைலயே வெட்சூட் சாக்ஸ் எதுவும் இல்லாம போட்டு, பத்து நிமிஷம் நடந்து, ஒரு படிக்கட்டுல மேல ஏறி கீழ எறங்கிப் பாத்தேன். எறங்கும்போது விரல் நுனி முன்னாடி போயி இடிக்கக் கூடாது, ஏறும்போது குதிகால் உள்ள தூக்கிக்கக் கூடாது. விரல அசைக்க முடியணும், ஆனா எங்கயும் காத்துப்பை மாதிரி காலி எடம் இருக்கக் கூடாது, காலி எடம்னா தண்ணி சுத்தும், தண்ணி சுத்தினா குளிரும். அப்புறம் அங்கயே உக்காந்து ஃபின்ஸ மாட்டிப் பாத்தேன், மூக்கு கடைசி வரைக்கும் போச்சு. உண்மைய சொன்னா ஃபின்ஸ் என்கிட்ட ஏற்கனவே இருந்ததால பாதி பூட்ஸ கழிக்க வேண்டியதாச்சு. புதுசா ஆரம்பிக்கறவங்க பூட்ஸ மொதல்ல வாங்குங்க, அது காலுக்கு சரியா அமைஞ்சப்புறம் அத போட்டுக்கிட்டே போயி ஃபின்ஸ் வாங்குங்க. எல்லாரும் தல கீழா பண்றாங்க, ஏன்னா ஃபின்ஸ் கலர் கலரா இருக்கு, பூட்ஸ் எல்லாம் கறுப்பு.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ரெண்டு சின்ன விஷயம். ஒண்ணு, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் மேடு, சுண்டுவெரல் தடிப்புக்கு. ஃபின்ஸோட வார் அதுக்கு மேல உக்காந்துக்கும், கீழ நழுவாது. என் 7 எம்எம்ல இது வழவழன்னு இருக்கும், அலைல ஒதைக்கும்போது ஒரு தடவ வார் கழண்டு ஃபின்ஸ் கையோட வந்துச்சு. ரெண்டு, ஜிப்போட மேல் நுனிய மூடற மாதிரி ஒரு வெல்க்ரோ பட்டை. பாக்க ஒண்ணுமே இல்ல, ஆனா அது இல்லன்னா நடக்க நடக்க ஜிப்பு தானா எறங்கும். ஜிப்புக்கு உள்பக்கம் ஒரு நியோபிரீன் நாக்கும் இருக்கு, பள்ளிக்கூட ஷூல லேஸுக்கு அடில இருக்குமே அது மாதிரி, மணலும் தண்ணியும் நேரா உள்ள போகாது.

ஜிப்பு இல்லாத மாடலும் உண்டு. ஜிப்பு இல்லன்னா கெட்டுப்போக ஒண்ணும் இல்ல, குளிரும் கம்மி, ஆனா ஈரக்கால நொழைக்கறது கரும்பு ஜூஸ் மெஷின்ல கால விடற மாதிரி. பிளாஸ்டிக் பைய கால்ல மாட்டிக்கிட்டு விட்டா வழுக்கிட்டுப் போகும்னு ஒரு பழைய டெக்னிக் உண்டு, ஆனா இந்த மாநிலத்துல அந்த மெல்லிசு பையையே 2022ல தடை பண்ணிட்டாங்க, அண்ணை மட்டும் பழைய பை ஒண்ண குலதெய்வ விபூதி மாதிரி பொத்தி வெச்சிருக்காரு.

வெட்சூட் காலு பூட்ஸுக்கு மேல வரணுமா உள்ள போகணுமா? நான் மேல விடறேன். உள்ள சொருகினா, கரையேறும்போது சூட்டுக்குள்ள இருக்கற தண்ணி மொத்தமும் எறங்கி பூட்ஸ்ல நிக்கும், ரெண்டு கால்லயும் ஆளுக்கொரு சொம்பு தண்ணிய சுமந்துக்கிட்டு படி ஏறணும். ஆழத்துக்குப் போகப் போக நியோபிரீன் அமுங்கும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, உள்ள இருக்கற குட்டிக் குட்டிக் காத்துக்குமிழெல்லாம் சுருங்கும், பூட்ஸ் மெலியும், மேல கச்சிதமா இருந்த வார் லூசாகும். இதுக்குத்தான் ஸ்ப்ரிங் வார். அதுவா சுருங்கி இழுத்துப் புடிச்சுக்கும். ரப்பர் வாரை மாத்தி இத போட்டது பூட்ஸுக்கு அடுத்து நான் பண்ண நல்ல செலவு.

சரி, கிரிப். இந்த பூட்ஸ் வழுக்காதான்னு கேப்பீங்க. வழுக்கும். பச்சைப் பாசி மேலயும் அந்தக் கறுப்புப் படலத்து மேலயும் வழுக்காத ரப்பர் சோலு ஒண்ண நான் இன்னும் பாக்கல. வழுக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி டைம் குடுக்கும், அவ்வளவுதான். மிச்சம் நாம எங்க கால் வெக்கறோம்ங்கறதுதான். கொட்டலசு ஒட்டின சொரசொரப்புப் பாறைல வெச்சா நிக்கும், பாதத்த முழுசா தட்டையா வெச்சு, அடிய சின்னச் சின்னதா எடுத்து வெச்சு, ரெண்டு அலைக்கு நடுவுல நகரணும். ஏத்தவத்தம் பாத்துட்டுப் போங்க, தண்ணி வத்தின நேரத்துல அந்தப் பாசிப் படி பூரா வெளிய வந்து வாய தொறந்துட்டு நிக்கும், அதே எடம் தண்ணி ஏறினப்புறம் நேரா மெதந்து போயிடலாம். என் விழுந்த நாள் சரியான வத்தம். மணல்னா கால தூக்கி வெக்காம தேச்சு தேச்சு நடக்கணும், திருக்கை மேல மிதிச்சா எந்த பூட்ஸும் அந்த முள்ள தாங்காது, தேச்சுட்டுப் போனா அது முன்னாடியே எழுந்து போயிடும். நம்ஃபிஷ்னு திருக்கை ஜாதில ஒண்ணு மணலுக்குள்ள புதைஞ்சு கெடக்கும், தொட்டா கரண்ட் ஷாக். முள்ளெலியயும் நம்ப முடியாது, கெட்டி சோலு வழியா வராது ஆனா பக்கவாட்டு நியோபிரீன்ல தாராளமா நொழையும், பூட்ஸ் போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல பொந்துல கால விடாதீங்க.

வேற என்னென்னமோ போட்டுட்டு வர ஆளுங்களையும் பாத்திருக்கேன். இங்க கூரை மேல வேல பாக்கறவங்களும் புளூ மவுன்டன்ஸ் பள்ளத்தாக்குல எறங்கறவங்களும் டன்லப் வாலின்னு ஒரு சாதா கேன்வாஸ் ஷூ போடுவாங்க, ஈரக்கல்லுல அது புடிக்கற புடி அலாதி. ஒருத்தர் அத போட்டுக்கிட்டு பேர் ஐலண்ட்ல ஆடு மாதிரி எறங்கினாரு, பொறாமையா இருந்துச்சு, ஆனா அத ஃபின்ஸுக்குள்ள நொழைக்க முடியாது, கழட்டி எங்க வெப்பாரு, ஜாக்கெட்லயே முடிச்சுப் போட்டு தொங்கவிட்டிருந்தாரு. பாறைல நின்னு தூண்டில் போடறவங்க இரும்பு ஆணி வெச்ச செருப்பு போடுவாங்க, பாசிக்கு அதுதான் எமன், ஆனா அது உங்க ஃபின்ஸுக்கும் எமன். கம்பளி மாதிரி ஃபெல்ட் சோலு வெச்சதும் உண்டு, பாசில நல்லா ஒட்டும், காயவே காயாது.

இப்ப என் பூட்ஸோட கொறை. ஒரு வருஷம் கழிச்சு எடது கால் நுனில சோலு வாய தொறக்க ஆரம்பிச்சுச்சு, தவளை மாதிரி. நியோபிரீன் பசை ஒரு டியூப் வாங்கி, ரெண்டு பக்கமும் உப்புத் தாளால தேச்சு, தடவி, அம்மிக்கல்லு இல்லாத கொறைக்கு ரெண்டு ஈயக்கட்டிய மேல வெச்சு ராத்திரி பூரா விட்டேன், இன்னிக்கு வரைக்கும் தாங்குது. ஜிப்பு மாசத்துக்கு ஒரு தடவ மணல் கடிச்சுக்கிட்டு நிக்கும், பழைய டூத்பிரஷ்ல தேச்சு மெழுகுவத்திய தடவினா ஓடும். வேகமா இழுத்தீங்கன்னா பல்லு போச்சு, அப்புறம் அந்த பூட்ஸே போச்சு. நாத்தத்த பத்தி என்ன சொல்ல. வெட்சூட்டுக்குள்ள யாரும் ஒண்ணுக்குப் போறதில்லன்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவோம், ஆனா அது எங்கயோ எறங்கி பூட்ஸ்லதான் வந்து நிக்கும். நல்ல தண்ணில அரை மணி நேரம் ஊறவெச்சு, பேபி ஷாம்பு போட்டு அலசி, வாய விரிச்சு தலகீழா நெழல்ல காயவெச்சா பொறுத்துக்கலாம். வெயில்ல போட்டா நியோபிரீன் வெறச்சு அப்பளமாயிடும். நான் ஒரு தடவ மறந்து கார் டிக்கில ஒரு வாரம் விட்டுட்டேன், ஜனவரி மாசம், இங்க அதுதான் வெயில் காலம். வீட்ல அந்த கார்ல கோயிலுக்கு வர மாட்டேன்னுட்டாங்க.

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. பாண்டிச்சேரி மாதிரி எடத்துல படகுல போயி குதிக்கறதுன்னா இவ்வளவு ஆராய்ச்சி வேணாம், தண்ணியும் சூடு, 3 எம்எம் போதும், சோலு எப்படி இருந்தாலும் படகு தளத்துல நிக்கத்தான். ஆனா பாறை, பவளக்கல் இருக்கற கரைலேர்ந்து எறங்கறீங்கன்னா தண்ணி சூடுங்கறதுக்காக மெல்லிசு சோலு வாங்கிடாதீங்க, கல்லுக்கு டிகிரி தெரியாது. ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்கற பொம்பளைங்க வெரலுக்கு துணிய சுத்திக்கிட்டு, கால்ல சாதாரண ரப்பர் செருப்போட மணிக்கணக்கா அந்தக் கல்லுல நின்னு முங்கி எந்திரிக்கறாங்க. 95 டாலர் பூட்ஸ்ல நின்னு கிராம்ப்னு பொலம்பும்போது எனக்கு அந்த நெனப்பு வந்து கொஞ்சம் வெக்கமா இருக்கும்.

5 எம்எம்முக்கு என் மார்க்கு 5க்கு 4. சோலு வாய தொறந்ததுக்கு அரை, எடது கால் எப்பவும் வலத விட ஒரு நிமிஷம் லேட்டாதான் உள்ள போகும், அதுக்கு அரை.

அந்த 7 எம்எம் சைஸ் 9 என்னாச்சுன்னா, போன மாசம் கர்னெல்ல டைவ் முடிச்சு படி ஏறிட்டிருக்கும்போது அண்ணையோட பழைய பூட்ஸ் சோலு மொத்தமா கழண்டு கீழயே நின்னுடுச்சு, அவரு மட்டும் மேல வந்துட்டாரு. ரெண்டு வருஷமா கார் டிக்கில கெடந்தத எடுத்துக் குடுத்தேன். மடக்கிப் பாத்தாரு, சப்பாத்தி மாதிரி மடிஞ்சுச்சு. கட்டவெரலால அழுத்திப் பாத்தாரு. "உது சரிவராது தம்பி"ன்னு சொல்லிக்கிட்டே போட்டாரு, அவரு ஃபின்ஸுக்குள்ள கச்சிதமா போச்சு. அதுக்கு பதிலா அவரு பிளாஸ்க்ல இருந்த பிளேன் டீ பூரா எனக்குத்தான்னாரு, பனங்கட்டியோட. 120 டாலர் டீ. நல்லாத்தான் இருந்துச்சு.